தகாசா: உப்பு வீட்டில் இருந்தது யார்?

அன்புள்ள ஐயா,

சகாரா பற்றிய உங்கள் கட்டுரையில் தகாசா என்ற கிராமம் வருகிறது. உப்புப் பாளத்தில் கட்டிய வீடுகள்! மழை பெய்தால் கரையாதா? அந்த ஊர் ஏன் அழிந்தது? ஆசை எதுவும் இல்லாமல் எவ்வளவு எளிமையாக வாழ்ந்திருக்கிறார்கள்! ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன்.

ம.

அன்புள்ள ம.,

பாடப்புத்தகத்தைத் தாண்டிப் போகும் டீச்சர் கிடைத்தது அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். மழை கிடக்கட்டும். அது கிட்டத்தட்ட பெய்யாத இடம் என்பதால்தான் உப்பில் சுவர் எழுப்ப முடிந்தது. ஆனால் அந்த 'எளிமை' இருக்கிறதே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இது.

மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா 1352இல் அந்நாட்டின் வணிக நகரமான சிஜில்மாசாவிலிருந்து கிளம்பி 25 நாளில் தகாசா போய்ச் சேர்ந்தார். பள்ளிவாசலே உப்புப் பாளம், கூரைக்கு ஒட்டகத்தோல், மரம் ஒன்றுகூட இல்லை, உப்புக்கரிக்கும் தண்ணீர், எங்கும் ஈ. நம்மவர்கள் இதோடு ஆச்சரியப்பட்டு முடித்துக்கொள்கிறார்கள். அவரே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: இங்கே குடியிருப்பவர்கள் மசூஃபா என்ற பாலைவன இனத்தாரின் அடிமைகள் மட்டுமே, உப்பு வெட்டுவது அவர்கள் வேலை. வடக்கே மொராக்கோவின் திரா பள்ளத்தாக்கிலிருந்து பேரீச்சை வரவேண்டும், தெற்கேயிருந்து தானியம் வரவேண்டும். அப்புறம் ஒட்டகக் கறி. விளைவது எதுவும் இல்லை.

ஆசை இல்லாமல் இருந்தார்களாம்! 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போன இன்னொரு பயணி லியோ ஆப்பிரிக்கானஸ், சாப்பாடு வந்து சேராமல் குடிசைக்குள்ளேயே செத்துக்கிடந்தவர்களைப் பற்றிச் சொல்கிறார். மனிதர்கள் வாழும் அடுத்த இடம் 20 நாள் தூரம். காவலுக்கு ஆளே தேவையில்லை. அவர்கள் வெட்டிய உப்பு ஒரு ஒட்டகச் சுமைக்கு தெற்கேயுள்ள சந்தை ஊரான வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் (ஒரு மித்கால் நான்கு கிராமுக்குச் சற்று மேல்) பொன்னுக்குப் போனது. இன்னும் தெற்கே மாலிப் பேரரசின் தலைநகரில் 20, 30, சில சமயம் 40. வெட்டியவனுக்கு அதே பேரீச்சை. பழங்காலத்து ஏழை என்றால் உடனே ஞானியாக்கிவிடுகிறோம், நமக்கு அது சௌகரியம். நீங்களுமா டீச்சர்?

சரி, ஊர் அழிந்த கதை. மொராக்கோ சுல்தான்களுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவின் சோங்காய் அரசர்களுக்கும் இந்தச் சுரங்கத்தின்மேல் ஓயாத தகராறு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேலை தென்கிழக்கே தவுதெனி என்ற இன்னொரு உப்புச் சுரங்கத்துக்கு மாறிவிட்டது. அங்கேதான் பிற்பாடும் பாளம் வெட்டி, ஒட்டகத்துக்கு நான்காக ஏற்றி அனுப்பினார்கள்.

வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். பிள்ளைகளை உப்பு வீடு வரையச் சொல்வீர்கள், தெரியும். உள்ளே இருந்தது யார், அவருக்குச் சோறு எங்கேயிருந்து வந்தது என்பதையும் படத்துக்குக் கீழே எழுதச் சொல்லுங்கள்.