பீட்ரூட் ஜூஸ் குடித்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

வாசகி ஒருவர் கேட்கிறார்: “எனக்கு 56 வயது. தினமும் அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டும் பிரஷர் 140/88-ஐ ஒட்டியே இருக்கிறது. சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. எதிர்வீட்டு அக்கா பீட்ரூட் ஜூஸ் குடிக்க ஆரம்பித்து மாத்திரையையே நிறுத்திவிட்டார். ஐந்து நாளாகியும் பிரஷர் ஏறவில்லையாம். நானும் அப்படிச் செய்யலாமா? கீரை ஜூஸும் நல்லது என்கிறார்களே?”

ஜூஸ் குடிக்கலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது. எதிர்வீட்டு அக்கா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாவதற்கே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல நாள் அதன் வேலை தேய்ந்து தேய்ந்து நடந்துகொண்டிருக்கும். ஐந்தாம் நாள் கருவி காட்டிய நல்ல எண்ணில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, ஜூஸின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவரையும் சீக்கிரம் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, ஜூஸ் உண்மையிலேயே வேலை செய்கிறதா? செய்கிறது. பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் என்ற வேதிப்பொருள் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போகிறது. அதில் ஒரு பகுதியை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து மறுபடி வாய்க்கே கொண்டுவருகின்றன. நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அந்த உமிழ்நீரை விழுங்கிய பிறகு நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. லண்டனில் 2008-ல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமானவர்கள் அரை லிட்டர் ஜூஸ் குடித்தபோது இரண்டரை, மூன்று மணி நேரத்தில் பிரஷரின் மேல் அளவு (140/88-ல் 140) சுமார் 10 புள்ளி இறங்கியது. உமிழ்நீரை விழுங்காமல் துப்பச் சொன்னார்கள். இறக்கம் காணாமல் போய்விட்டது!

இதனால்தான் மவுத்வாஷ் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினியால் தினமும் வாய் கொப்பளித்தால் இந்த பாக்டீரியாக்களும் சேர்ந்து அழியும், ஜூஸ் வீண். பல் டாக்டர் சில நாளைக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதை முடித்துவிடுங்கள். வெறும் வாசனைக்காக என்றால் விட்டுவிடலாம். பல் துலக்குவதால் பாதிப்பில்லை.

அதே லண்டன் குழு 2015-ல் பிரஷர் நோயாளிகள் 68 பேரிடம் சோதித்தது. தினமும் 250 மி.லி. ஜூஸ், அதில் சுமார் 400 மி.கி. நைட்ரேட், நான்கு வாரம். மேல் அளவு ஏறக்குறைய 8 புள்ளி குறைந்தது. நைட்ரேட் நீக்கிய ஜூஸ் குடித்தவர்களுக்குக் குறையவில்லை. நிறுத்திய இரண்டு வாரத்தில் பிரஷர் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களிடம் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை. உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது இந்த ஆஸ்திரேலிய ஆய்வுதான் என்பது என் எண்ணம். அதனால் எதிர்பார்ப்பை அடக்கி வையுங்கள்.

இன்னொன்று, ஆய்வு ஜூஸும் நம் வீட்டு ஜூஸும் ஒன்றல்ல. ஒரு சின்ன பீட்ரூட்டை மிக்ஸியில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வடிகட்டினால் அந்த 400 மி.கி. வந்துவிடாது. மண், உரம், பருவம் இவற்றைப் பொறுத்து பீட்ரூட்டுக்கு பீட்ரூட் நைட்ரேட் பல மடங்கு மாறும். அதற்காக அரைக் கிலோவைப் பிழிந்து குடிக்கவும் வேண்டாம். கால் லிட்டர் சுத்தமான ஜூஸில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கும். உங்களுக்கு அரை டம்ளர் போதும், அதுவும் சாப்பாட்டோடு. ஆப்பிளும் கேரட்டும் சேர்த்த ஏபிசி ஜூஸ் வேண்டாம், தேனும் வேண்டாம். ருசிக்கென்று உப்பு போட்டால் வந்த காரியமே கெட்டது. அன்றன்றைக்குப் போட்டு உடனே குடித்துவிடுங்கள். வெளியில் வைத்தால் கிருமிகள் நைட்ரைட்டை ஆபத்தான அளவுக்குப் பெருக்கிவிடும். கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

கீரையை ஜூஸாகக் குடிப்பது எனக்கு உடன்பாடில்லை. பச்சையாக அரைத்த கீரையில், முக்கியமாகப் பசலையில், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. முளைக்கீரை, தண்டுக்கீரையிலும் நைட்ரேட் தாராளமாக உண்டு. கூட்டாகவோ மசியலாகவோ சாப்பிடுங்கள், வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல். கொட்டினால் நைட்ரேட்டில் நல்ல பங்கு அதோடு போய்விடும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு பீட்ரூட்டில் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. நெஞ்சுவலிக்கு ஐசோசார்பைடு சாப்பிடுபவர்களும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். உங்கள் பட்டியலில் இவை இல்லை. ஆனாலும் இந்த வருடம் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள்.

ஜூஸால் பலன் உண்டா என்று அறிய, ஒரு வாரம் ஜூஸ் இல்லாமலும், அப்புறம் நான்கு வாரம் ஜூஸோடும் பிரஷரைக் குறித்து வையுங்கள். காலையில் மாத்திரைக்கும் ஜூஸுக்கும் முன்னால், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். குடித்த இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் அந்த நேரத்து இறக்கம் மட்டும் தெரியும், நாள் முழுவதும் அப்படித்தான் என்று ஏமாந்துபோவோம்.

அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டு அளவு சராசரியாக 135/85-க்குக் கீழே வரவில்லை என்றால் மாத்திரையின் அளவைக் கூட்டுவதா, இன்னொன்று சேர்ப்பதா என்று அவர் முடிவு செய்வார். அதுவரை ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்துப் பாருங்கள். ஜூஸை விட அதில் கிடைப்பது அதிகமாகக்கூட இருக்கலாம். சிறுநீர் சிவப்பாகப் போனால் பதற வேண்டாம், சிலருக்கு பீட்ரூட் நிறம் அப்படியே இறங்கும். ஜூஸை நிறுத்தி இரண்டு நாளாகியும் அப்படியே இருந்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.