பில் போட்டாச்சு, பணம் எங்கே?

கேள்வி: நானும் என் கணவரும் கப்பலூர் சிட்கோவில் அட்டைப்பெட்டி செய்யும் சின்ன யூனிட் நடத்துகிறோம். விருதுநகர் பக்கம் ஒரு எண்ணெய் மில்லுக்கு நான்கு வருடமாகச் சரக்கு கொடுக்கிறோம். ஏழு மாதமாக ₹2,80,000 நிற்கிறது. போன் செய்தால் "அடுத்த வாரம் போட்டுடலாம்மா" என்கிறார் முதலாளி. ஜிஎஸ்டியைக்கூட நாங்கள் கைக்காசிலிருந்து கட்டிவிட்டோம். அழுத்திக் கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று என் கணவர் பயப்படுகிறார்.
- வாசகி, திருமங்கலம்

பதில்: பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் உங்களுக்குக் காகிதச் சுருள் கொடுக்கிறவர் ஏழு மாதம் பொறுப்பாரா? மாட்டார். அப்படியானால் அந்த மில்லுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருப்பது நீங்கள்தான், அதையும் எங்கோ வட்டிக்கு வாங்கித்தானே கொடுத்திருப்பீர்கள்.

முதலாளிக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டு அங்கே கணக்குப் பார்ப்பவர் யாரென்று கண்டுபிடியுங்கள். "எங்கள் பில்லெல்லாம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். லாரி டிரைவர் கையில் போன பில் குடோன் கம்பியிலேயே குத்தியிருக்கும், அல்லது இருபது பெட்டி கிழிந்து வந்தது என்று யாரோ எழுதி வைத்திருப்பார்கள், அது முதலாளிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இப்படி நின்றுபோன பாக்கிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பில் எண், தேதி, தொகை, இடையில் வந்த பணம், மீதி எல்லாம் வரிசையாக எழுதி ஒரு லெட்ஜர் நகல் அனுப்புங்கள். "சரிபார்த்துக் கையெழுத்தும் சீலும் போட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வருடக் கணக்கு முடிக்க எல்லோரும் கேட்பதுதான். ஆனால் அந்தக் கையெழுத்து பெரிய விஷயம். பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு, அது முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும்.

கணக்காளரிடம் இன்னொன்றையும் தன்மையாகச் சொல்லுங்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சரக்குக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லின் ஜிஎஸ்டியைக் காட்டித் தங்கள் வரியில் கழித்துக்கொண்ட தொகையை (உள்ளீட்டு வரி) அவர்கள் வட்டியோடு திருப்ப வேண்டும். உங்கள் பழைய பில்கள் அந்த 180 நாளைத் தாண்டிவிட்டன. முதலாளிக்கு உறைக்காதது கணக்காளருக்கு உடனே உறைக்கும்.

குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே செய்யுங்கள், கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல பாதுகாப்பு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அதோடு, கெடு தாண்டிய தொகையை மில்காரர் எந்த வருடம் கட்டுகிறாரோ அந்த வருடம்தான் வருமான வரியில் செலவாகக் காட்டலாம். மார்ச் மாதம் இதை நினைவுபடுத்துங்கள், ஆடிட்டரும் அதையேதான் அவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார். ஒன்று மட்டும் கவனம்: சரக்குக் கொடுத்த பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்கு இந்தச் சட்டத்தைக் காட்டுவதில் சிக்கல் வரும்.

எதற்கும் மசியவில்லை என்றால், இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலில் மனுப் போடலாம், மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள். அங்கே வரும் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமென்றால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். அதுவரைக்கும் ஆர்டரை நிறுத்த வேண்டாம், பழைய பில் ஒன்று தீர்ந்தால் புது லோடு ஒன்று என்று சொல்லிவிடுங்கள். இதற்கே கோபித்துக்கொண்டு போகிறவர் என்றால், ₹2,80,000 ஐந்து லட்சம் ஆவதற்கு முன்பே போகட்டும்.

கேள்வி: வீட்டில் சமைத்து நான்கு அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறேன். நோட்டில்தான் கணக்கு. மாதக் கடைசியில் "இத்தனை சாப்பாடு வாங்கவில்லையே" என்கிறார்கள். பில் எப்படிப் போடுவது?
- வாசகி, கோ.புதூர்

பதில்: நோட்டு உங்களிடம் மட்டும் இருப்பதுதான் பிரச்சினை. நான் அச்சகம் நடத்தியபோது ஒரு கம்பெனிக்குக் காலண்டர் அடித்துக் கொடுத்தேன், தெரிந்தவர்தானே என்று டெலிவரி சலானில் கையெழுத்து வாங்கவில்லை. எண்ணிக்கை குறைந்தது என்று பாதிப் பணம்தான் தந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. நீங்கள் தினமும் சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு துண்டுச் சீட்டு அனுப்புங்கள், தேதியும் எண்ணிக்கையும் எழுதி, வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

பில்லை ஒன்றாம் தேதி காலையிலேயே கொடுத்துவிடுங்கள், பத்தாம் தேதி கொடுத்தால் சம்பளம் போட்டு முடித்து அவர்கள் கை காய்ந்திருக்கும். வரிசை எண், சாப்பாட்டு எண்ணிக்கை, விலை, வங்கிக் கணக்கு எண், யுபிஐ கியூஆர் எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கட்டும். "விரைவில் செலுத்தவும்" என்று எழுதாதீர்கள், "7-ஆம் தேதிக்குள்" என்று எழுதுங்கள். ஆறாம் தேதி வாட்ஸ்அப்பில் ஒரு வரி, எட்டாம் தேதி ஒரு போன். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவும் இல்லையென்றால் பில்லில் வரி சேர்க்கக் கூடாது.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மொத்த வியாபாரம். தீபாவளிச் சரக்குக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. "மறுபடி போடுங்க அண்ணாச்சி" என்கிறார். எனக்கும் அந்த 45 நாள் சட்டம் உண்டா?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை அண்ணாச்சி, வாங்கி விற்பவர்களுக்கு உத்யம் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். ஆனால் திரும்பிய செக் உங்கள் கையில் இருக்கிறதே. செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் மறுபடி போடலாம். அதுவும் திரும்பினால் இழுக்காதீர்கள். செக் திரும்பியதாக வங்கி தரும் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அவருக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம், அதற்கும் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். மெமோவை, அது வந்த கவரோடு பத்திரமாக வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள், நோட்டீஸ் ஸ்பீட் போஸ்டில் போகட்டும்.