28 ஆட்டம் வரிசையாகத் தோற்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணி, பயிற்சியாளர் மான்ட்டி வில்லியம்ஸை நீக்கியது சரியா?

சரிதான். ஆனால் பழி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

2023-24 என்பிஏ (வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சீசனில் பிஸ்டன்ஸ் ஆடியது 82, ஜெயித்தது 14. 2022இல் பீனிக்ஸ் அணியில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கிய மனிதருக்கு ஒரே வருடத்தில் வேலை மறந்துபோகுமா என்ன? அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாமைச் சுற்றி தூரத்திலிருந்து கூடையில் போடக்கூடிய ஆட்கள் போதவில்லை. அதனால் அவர் பந்தோடு உள்ளே புகுந்தாலே எதிரணி வளையத்தடியில் குவிந்துவிடும். அந்த அணியைச் சேர்த்தது நிர்வாகம். அரங்கத்தில் ரசிகர்கள் "அணியை விற்றுவிடு" என்று கத்தியதும் உரிமையாளரைப் பார்த்துத்தான்.

வில்லியம்ஸ் மேலும் தப்பு உண்டு. இளம் ஆட்டக்காரர் ஜேடன் ஐவியை பெஞ்சில் உட்காரவைத்து, கில்லியன் ஹேய்ஸையே தொடக்க ஐவரில் இறக்கிக்கொண்டிருந்தார். அந்த ஹேய்ஸை 2024 பிப்ரவரியில் அணியே விடுவித்தது!

அவருடைய ஒப்பந்தம் ஆறு வருடம், சுமார் 7.85 கோடி டாலர். முதல் வருடத்திலேயே அனுப்பியதால் மிச்சச் சம்பளம் தண்டம். அடுத்து வந்த பயிற்சியாளர் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் முதல் சீசனிலேயே 44 ஆட்டம் ஜெயித்தார். வில்லியம்ஸை நீக்கிய அதே கோடையில் டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி போன்ற ஆட்டக்காரர்களும் அணிக்கு வந்தார்கள் என்பதை மட்டும் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

"தோற்றால் தூக்கு" என்பவர்களுக்கு ஒன்று: 2010இல் மயாமி அணி 9 வெற்றி, 8 தோல்வி என்று தடுமாறியபோது அதன் பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவையும் நீக்கச் சொன்னார்கள். அணித் தலைவராக நிர்வாகத்தை நடத்திய பாட் ரைலி அசையவில்லை. 2012, 2013 இரண்டு வருடமும் கோப்பை மயாமிக்கு.