கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: பாகங்கள் பொருந்துமா, கடற்காற்று தாங்குமா?

ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்த கேள்விகளில் நான்குக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: முதல் முறையாக நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறேன். ஐ5-12400எஃப் ப்ராசஸர், டிடிஆர்5 வகை பி760எம் மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கிராபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கலாம் என்றிருக்கிறேன். டேலியும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும்தான் வேலை. பட்டியல் சரியா?
— கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: அப்படியே வாங்கினால் ஓடாது. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டீர்கள், நல்லது.

முதல் சிக்கல் ராம். நீங்கள் எழுதிய போர்டு டிடிஆர்5 வகை ராமுக்கானது, ராமோ டிடிஆர்4. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான். ஆனால் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. பலமாக அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். 12-ஆம் தலைமுறை ப்ராசஸர் இரண்டு வகை ராமோடும் வேலை செய்யும் என்று படித்துவிட்டுப் பலரும் இங்கே தவறுகிறார்கள். ப்ராசஸர் ஏற்றாலும், பெரும்பாலான போர்டுகளில் ஏதாவது ஒரு வகைக்குத்தான் ஸ்லாட் இருக்கும். டிடிஆர்4 போர்டின் மாடல் பெயரில் பெரும்பாலும் ‘டி4’ அல்லது ‘டிடிஆர்4’ என்று சேர்ந்திருக்கும். அதனால் பில்லில் முழு மாடல் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே ‘பி760 போர்டு’ என்று எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது அந்த ‘எஃப்’. இன்டெல் மாடல் எண் எஃப்-இல் முடிந்தால் ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். மதர்போர்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும், ஆனால் அதில் டிஸ்ப்ளே வராது. கார்டு பிறகுதான் என்றால் எஃப் இல்லாத ஐ5-12400 வாங்குங்கள். அதில் உள்ள யுஎச்டி 730 கிராபிக்ஸ் உங்கள் வேலைக்குப் போதும். பெட்டியோடு வருவதையே கேளுங்கள், கூலிங் ஃபேன் உள்ளேயே இருக்கும். ‘ட்ரே’ என்று விற்பதில் ஃபேன் இருக்காது. ஏஎம்டி பக்கம் போவதானாலும் இதே கவனம் வேண்டும்: ரைசன் 5 5600-இல் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி-இல் உண்டு. இரண்டுமே ஏஎம்4 சாக்கெட் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்), டிடிஆர்4 ராம்.

சாக்கெட் பொருத்தத்தில் குறையில்லை. 12400-உம் பி760-உம் எல்ஜிஏ1700தான். ஆனால் யாராவது ‘14-ஆம் தலைமுறையே போடு’ என்று சொல்லி, கடையில் பழைய இருப்பான பி660 போர்டைத் தந்தால், பயாஸ் (போர்டுக்குள் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்து தரச் சொல்லி வாங்குங்கள். அப்டேட் ஆகாத போர்டில் அந்தப் ப்ராசஸரைப் போட்டால் டிஸ்ப்ளே வராமல் நிற்கும்.

கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தயவுசெய்து நம்பாதீர்கள். விலை உயர்ந்த பாகங்கள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. கார்டு இல்லாதவரை 450 வாட் தாராளம். ஆனால் பின்னால் ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டு போட்டால் அது மட்டுமே 170 வாட் இழுக்கும், அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும். எனவே இப்போதே 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (மின்திறன் சான்று) தரத்தில் 550 வாட் வாங்கிவிடுங்கள். ப்ராசஸருக்கான 8 பின் ப்ளக் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். இரண்டும் ஒன்றல்ல, மாற்றிச் செருகவே கூடாது.

போர்டில் நான்கு ராம் ஸ்லாட் இருந்தால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். ‘க்ளிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும்.

கேள்வி: அலுவலகத்தில் ஓட்டிக் கழித்த சின்ன சைஸ் கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறது. கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், பாம்பன்

பதில்: எந்தக் கார்டும் போடலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். ஒல்லியான கேபினெட்டில் பாதி உயரமுள்ள லோ ப்ரொஃபைல் கார்டு மட்டுமே நுழையும். எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான தனி ப்ளக் பெரும்பாலும் இருக்காது, ஆகவே ஸ்லாட்டிலிருந்தே கரன்ட் எடுக்கும் 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டுதான் சரி. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவும் வழி குறைவு: இவற்றில் பலவற்றின் போர்டில் வழக்கமான 24 பின் ப்ளக் கிடையாது, அந்தக் கம்பெனிக்கே உரிய வேறு ப்ளக் இருக்கும்.

கேள்வி: வீடு கடலுக்குப் பக்கத்தில். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, கேபினெட் ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடித்துவிட்டது. அடிக்கடி டிஸ்ப்ளே வருவதில்லை. ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டால் வருகிறது. ஏன்?
— வாசகி, மண்டபம்

பதில்: உப்புதான் காரணம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். ஃபேன் இழுத்துவந்த தூசியோடு அந்த உப்பும் போர்டில் படிந்திருக்கும். இரவெல்லாம் அணைத்து வைத்த மெஷினில் அது நீர்த்து, மின்சாரம் கடத்தும் படலமாகிவிடும். ராமின் தங்க நிற விளிம்பில் தங்கம் மெல்லிய பூச்சு மட்டுமே. ஒவ்வொரு முறையும் ரப்பரால் தேய்த்தால் பூச்சு தேய்ந்து, அடியில் உள்ள உலோகம் அரிக்கும். பிறகு தேய்த்தாலும் சரியாகாது. கரன்டைத் துண்டித்துவிட்டு, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு வராத துணியில் தொட்டுத் துடையுங்கள், நன்றாக உலர்ந்த பின் மாட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் சேரும்.

மெஷின் இருக்கும் இடத்தையும் பாருங்கள். தென்கடல் பக்கம் வீடு என்றால் கச்சான் (தென்மேற்குக் காற்று) மாதங்களிலும், வடகடல் பக்கம் என்றால் வாடை (வடகிழக்குக் காற்று) மாதங்களிலும் காற்று நேராக உள்ளே வரும். அந்த ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். முன்புற ஃபேனுக்குத் தூசி வலை போட்டு மாதம் ஒருமுறை கழுவுங்கள். வேலை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், உள்சூடு ஈரத்தை விரட்டும். கேபினெட்டுக்குள் சிலிக்கா ஜெல் போடுவது வீண், காற்றுப் போய்வரும் பெட்டியில் அது சீக்கிரமே ஈரம் குடித்து முடித்துவிடும். மூடிவைத்த உதிரி பாகங்களோடு போட்டால் பயன் உண்டு.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்கிறது. டெஸ்டரும் எரிகிறது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா?
— வாசகர், தொண்டி

பதில்: பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தான் இருக்கும், எர்த் இல்லை என்பதே காரணம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் கேபினெட்டுக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குள் போய்விடும், இல்லாவிட்டால் கேபினெட்டில் பாதி வோல்டேஜ் நிற்கும். மூன்று பின் ப்ளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் இருந்தால் உடனே விடுங்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மேல்மணல் காய்ந்து கிடக்கும் இடத்தில், எர்த் ராடு அடியிலுள்ள ஈரமண்வரை இறங்க வேண்டும். உப்பு மண்ணில் இரும்பு ராடைவிட தாமிரப் பூச்சு ராடு அதிகக் காலம் உழைக்கும். அதுவரை மெஷினைத் திறந்து கைவைக்க வேண்டாம். யுபிஎஸ் வாங்கினாலும் இந்தக் குறை தீராது, அதற்கும் எர்த் வேண்டும்.