கம்பெனி காரைத் திருப்பிக் கொடுத்தாச்சு, அடுத்து எந்த டீசல்?

கேள்வி: பல வருடங்களாகக் கம்பெனி கொடுத்த 2 லிட்டர் டீசல் செடானை ஓட்டி வந்தேன். இப்போது வேலைப் பொறுப்பு மாறிவிட்டதால் காரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். பதிலுக்குச் சம்பளத்தோடு மாதம் ஒரு தொகை வரும். அதை வைத்து ஆறிலிருந்து பத்து வயதுக்குள் ஒரு செகண்ட்ஹேண்ட் டீசல் கார் வாங்க எண்ணம். நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும்போது கிடைக்கும் அந்த இழுவைக்குப் பழகிவிட்டேன். சாதுவான கார் வேண்டாம். வீட்டில் நான்கு பேர். முன்பு போல ஊர் ஊராகச் சுற்றும் வேலை இல்லை. ஆபீஸ் 9 கிலோமீட்டர்தான், வாரம் நான்கு நாள். மாதம் இரண்டு முறை 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போவோம். கோல்ஃப் ஜிடிடி, ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் டீசல், பிஎம்டபிள்யூ 320டி, 330டி ஆகிய நான்கும் மனதில் இருக்கின்றன. எது நல்லது?

பதில்: உங்கள் கடிதத்தில் காரின் பெயர்களைவிட எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 9 கிலோமீட்டர்தான். கம்பெனி கார் இருந்தபோது நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டினீர்கள். டீசலுக்கு அதைவிட நல்ல வாழ்க்கை கிடையாது. இனி அதே மாதிரி எஞ்சின் காலையில் 9 கிலோமீட்டர், மாலையில் 9 கிலோமீட்டர் என்று ஓடப்போகிறது. டீசல் எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும். எஞ்சினும் ஆயிலும் சரியான சூட்டுக்கு வரும் நேரத்தில் நீங்கள் ஆபீஸ் வாசலில் நிற்பீர்கள்.

இதனால் முதலில் அடிபடுவது புகைபோக்கிப் பாதையில் இருக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி. எஞ்சின் கக்கும் கரியை இது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி ஓரளவு சேர்ந்ததும் கார் தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, வடிகட்டிக்குள் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி, கரியை எரித்துவிடும். இதற்கு நிற்காமல் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். பாதியில் எஞ்சினை அணைத்துவிட்டால் வேலை அரைகுறையாக நிற்கும். அடுத்த நாள் மறுபடி முயலும், மறுபடி நீங்கள் அணைத்துவிடுவீர்கள். பல கார்களில் இந்தக் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுவதால், எரியாத பகுதி சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் அளவு மேல்கோட்டைத் தாண்டி நிற்கும், முகர்ந்தால் டீசல் வாடை வரும். ஆயில் கூடியிருப்பதைப் பார்த்து யாரோ தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. உண்மையில் அந்த ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது. பேரிங்கையும் டர்போவையும் அது காப்பாற்றாது.

அப்படியானால் டீசலே வேண்டாமா? உங்களைக் காப்பாற்றுவது அந்த மாதம் இரண்டு முறைப் பயணம். 300 கிலோமீட்டர் ஓட்டத்தில் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய நேரம் கிடைத்துவிடும். ஆகவே டீசல் வாங்கலாம், ஆனால் நீங்கள் எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறீர்கள். பெற்றோர் உங்களோடு வந்து தங்கப்போகிறார்கள் என்றோ, அந்தப் பயணம் வேறு காரணத்தால் நின்றுவிடும் என்றோ தெரிந்தால், இந்தப் பதிலின் மீதியைப் படிக்காமல் டர்போ பெட்ரோலைப் பாருங்கள். ஆக்டேவியா விஆர்எஸ்ஸிலேயே பெட்ரோல் உண்டு, அதுவும் சாதுவான கார் இல்லை.

சரி, டீசல்தான் என்று வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

330டியை நீங்கள் ஏன் சேர்த்தீர்கள் என்று புரிகிறது. ஆறு சிலிண்டர், 258 குதிரைத்திறன், 560 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட ஐந்தரை நொடிக்குச் சற்று மேல். நால்வரில் எஞ்சின் என்று பார்த்தால் இதுதான் ராஜா. ஆனால் 3 லிட்டர் எஞ்சின் சூடேற இன்னும் நேரமாகும், உங்கள் 9 கிலோமீட்டர் இதற்குத்தான் அதிகம் வலிக்கும். டயர், பிரேக் டிஸ்க், ஆயில் எல்லாமே ஒரு படி பெரிசு, செலவும் அப்படியே. ஆபீஸ் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் நானே கைபிடித்து அழைத்துப்போய் வாங்க வைத்திருப்பேன். உங்களுக்கு வேண்டாம்.

320டி பற்றிப் பேசும்போது எந்த எஞ்சின் என்று கேட்காமல் பேசக்கூடாது. 2012ல் வந்த எஃப்30 தலைமுறையின் ஆரம்ப கார்களில் இருப்பது என்47 என்ற 184 குதிரைத்திறன் எஞ்சின். வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கவைக்கும் இதன் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்தால், எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் கை வைக்க முடியாது. சத்தத்தைக் கவனிக்காமல் ஓட்டி செயின் அறுந்தால் எஞ்சினே போய்விடும். இந்தத் தொல்லை மோசமாக இருந்தது 2011க்கு முந்தைய கார்களில்தான், பின்னால் குறைந்தது என்பது உண்மை. ஆனாலும் 2015ல் முகப்பு மாற்றத்தோடு வந்த பி47 எஞ்சின் கார் கிடைக்கும்போது பழையதை ஏன் தொட வேண்டும்? அதில் 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர். விளம்பரத்தில் 184 என்றிருந்தால் தாண்டிப் போங்கள், 190 என்றிருந்தால் நின்று படியுங்கள்.

பிஎம்டபிள்யூ டீசல்களில் இன்னொன்றும் உண்டு. எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாகச் சொல்லி, 2018ல் கம்பெனி பெரிய அளவில் கார்களைத் திரும்ப அழைத்தது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், அந்தக் காருக்கு வேலை முடிந்துவிட்டதா என்று அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள். எண்ணைத் தர விற்பவர் தயங்கினால் காரைப் பார்க்கவே போக வேண்டாம்.

கோல்ஃப் ஜிடிடியும் ஆக்டேவியா விஆர்எஸ் டீசலும் தோலைத் தவிர ஏறக்குறைய ஒரே கார். 2013ல் வந்த தலைமுறையில் இரண்டுக்கும் அதே 2 லிட்டர், 184 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர். கோல்ஃப் கொஞ்சம் இறுக்கமாகவும் உள்ளே கொஞ்சம் நேர்த்தியாகவும் இருக்கும். ஆக்டேவியாவின் டிக்கி 590 லிட்டர், கோல்ஃபில் 380. நான்கு பேர் இரண்டு நாளைக்குத் துணிமணியோடு பெற்றோர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து அவர்கள் கட்டிக் கொடுப்பதையெல்லாம் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும் என்றால், நான் ஆக்டேவியாவைத்தான் சொல்வேன். நூறைத் தொடும் நேரத்தில் அது அரை நொடி பின்தங்கலாம். நீங்கள் கேட்ட சுகம் 80லிருந்து 120க்குப் போகும்போது கிடைப்பது, அங்கே இரண்டும் ஒன்றுதான்.

இந்த இரண்டிலும் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் என்றால், 6 கியர் வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். பில்லைக் கேளுங்கள். ‘அதெல்லாம் சர்வீஸில் பண்ணியிருப்பாங்க’ என்றால் பண்ணவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவல் என்றால் கிளட்சோடு இருந்து எஞ்சின் அதிர்வை உள்வாங்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலைக் கவனியுங்கள். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது கிளட்சை மிதித்து மெதுவாக விடுங்கள். கடகடவென்று சத்தம் வந்துபோனால் அது தன் முடிவை நெருங்குகிறது. அப்புறம் உயர் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டையும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம், மறுத்தால் நகர்ந்துவிடலாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள், கூடவே வாட்டர் பம்ப் மாற்றினார்களா என்பதும் பில்லில் இருக்க வேண்டும்.

காரைப் பார்க்கப் போனதும் முதல் வேலையாகப் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். காலையில் ஆறிய எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செயின் சத்தமும் இன்ஜெக்டர் கோளாறும் குளிர்ந்த எஞ்சினில்தான் வெளிப்படும். பிறகு பின்பக்கம் போய்ப் புகைக்குழாயின் உள்விளிம்பில் விரலை விட்டுத் துடையுங்கள். டிபிஎஃப் ஒழுங்காக வேலை செய்யும் காரில் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். கரி அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்க வேண்டும், அல்லது அடைத்துப்போன வடிகட்டியின் உள்ளே இருப்பதைப் பெயர்த்தெடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டியிருக்க வேண்டும். பின்னது பல நாடுகளில் சட்டவிரோதம். பரிசோதனையில் மாட்டினால் புது வடிகட்டிச் செலவு உங்கள் தலையில்.

நல்ல மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால் ஸ்கேனர் போட்டு, வடிகட்டியில் இப்போது எத்தனை கிராம் கரி, கடைசியாகச் சுத்தம் செய்துகொண்டு எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, சாம்பல் எவ்வளவு என்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது. எஞ்சின் ஆயிலில் இருக்கும் சேர்மங்களிலிருந்து வருவது அது. வருடக்கணக்கில் சேர்ந்து வடிகட்டியை நிரப்பும். அதனால்தான் ஆயில் பில்லில் ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களுக்கு 507 00 தரமும், பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-04 போன்ற சாம்பல் குறைந்த தரமும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

ஓடோமீட்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நீங்கள் திருப்பிக் கொடுத்த கார் மாதிரியே, சந்தைக்கு வரும் இந்த ரக டீசல்களில் நிறைய கம்பெனியிலிருந்து வந்தவைதான். நெடுஞ்சாலையில் 1,50,000 கிலோமீட்டர் ஓடிய, பில் கட்டு முழுசாக இருக்கும் கார் ஒன்றும், ஊருக்குள்ளேயே 60,000 ஓடிய கார் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். ஒரு சின்ன எச்சரிக்கை: கம்பெனி கார்களுக்கு 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் ஆயில் மாற்றும் நீண்ட இடைவெளித் திட்டம் இருந்திருக்கும். வாங்கியதும் முதல் வேலையாக ஆயிலை மாற்றிவிட்டு, இனி 15,000க்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. கம்பெனி கார் ஓட்டியவர்கள் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் டயரும் இன்சூரன்ஸும் யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள். 19 அங்குலச் சக்கரத்துக்கு நான்கு டயர் என்ன விலை, விஆர்எஸ் என்ற பெயருக்கு இன்சூரன்ஸில் எவ்வளவு கூடுகிறது என்று வாங்குவதற்கு முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையில் இருப்பதையெல்லாம் காருக்கே கொட்டாமல், விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் வருடப் பராமரிப்புக்குத் தனியாக வைத்துவிடுங்கள். பழைய டீசல்களுக்குத் தடையோ கட்டணமோ வைக்கும் நகரங்கள் கூடிக்கொண்டே வருவதால், பதிவுப் புத்தகத்தில் யூரோ 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் இருப்பதும் முக்கியம். ஐரோப்பாவில் அது எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2015 செப்டம்பரில். அந்த நேரத்துக் கார் என்றால் வருடத்தை நம்பாமல் புத்தகத்தைப் பாருங்கள்.

கேள்வி: நான் ஓட்டிய கம்பெனி காரையே எனக்கு விற்கத் தயார் என்கிறார்கள். வாங்கலாமா? (அதே வாசகர்)

பதில்: விலை நியாயமாக இருந்தால், அலுப்பாக இருந்தாலும், இதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பான பேரம். அந்தக் காரை எப்படி ஓட்டினீர்கள், எந்தக் குழியில் விட்டீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சந்தை விலையைவிட மிகக் குறைத்துக் கொடுத்தால், அந்த வித்தியாசத்தை வருமானமாகக் கணக்கில் எடுத்து வரி கேட்கும் நாடுகள் உண்டு. கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: சாதாரண 150 குதிரைத்திறன் டீசலை மலிவாக வாங்கி, ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்து ஜிடிடி வேகத்துக்குக் கொண்டுவந்தால் என்ன? (இன்னொரு வாசகர்)

பதில்: வேகம் வரும். பிரேக், சஸ்பென்ஷன், கிளட்ச் மூன்றும் 150க்கு உள்ளவையாகவே இருக்கும். மேனுவல் காரில் முதலில் கைவிடுவது கிளட்ச்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லாமல் செய்தால், விபத்துக்குப் பிறகு கிளெய்மை மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். சொல்லிவிட்டுச் செய்தால் பிரீமியம் கூடும். கூடும் பிரீமியத்தையும் கிளட்ச் செலவையும் கூட்டிப் பாருங்கள். பல நேரங்களில் நிஜ ஜிடிடிக்கும் அதற்கும் இருந்த விலை வித்தியாசத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.