65 சதவீத வேலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எம்.டெக். முடிக்கப் போகிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விளம்பரத்தில் 'ஆராய்ச்சியாளர், இ13 டிவி-எல், 65 சதவீதம், 3 ஆண்டு' என்று இருக்கிறது. இது பிஎச்.டி. சேர்க்கையா, வேலையா? கைக்கு எவ்வளவு வரும்?
- வாசகர், திருச்சி

பதில்: வேலைதான். பிஎச்.டி. அதனோடு ஒட்டி வருவது. டிவி-எல் என்பது மாநில அரசு ஊழியர்களின் ஊதிய ஒப்பந்தம். இ13 முதுகலைப் பட்டம் கேட்கும் நிலை. வெறும் பி.இ. பொதுவாகப் போதாது.

முழுநேரத்துக்கு முதல் படியில் (அனுபவத்தைப் பொறுத்து உயரும் ஊதியப் படி) 2025 கணக்குப்படி மாதம் ஏறத்தாழ 4,630 யூரோ. அதில் 65 சதவீதம் என்றால் சுமார் 3,000. வரி, காப்பீடுகள், ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போக, தனி ஆளுக்கு 2,000 யூரோவை ஒட்டி நிற்கும். பேரம் பேச இடமில்லை. ஆனால் பொருத்தமான வேலை அனுபவம் ஓராண்டு இருந்தால் இரண்டாம் படிக்கு வாய்ப்புண்டு. அனுபவச் சான்றிதழை ஒப்பந்தம் போடுமுன்பே கொடுத்துவிடுங்கள்.

65 சதவீதம் என்றால் அங்கே வாரம் 26 மணி நேரம். அது காகிதக் கணக்கு. ஆய்வேடு எழுதும் நேரத்தையும் சேர்த்தால் முழுநேரம்தான்.

பிஎச்.டி.க்கு முன் இப்படி ஒப்பந்தத்தில் வைத்திருக்கச் சட்டம் பொதுவாக 6 ஆண்டு வரை இடம் தருகிறது. ஆனால் 3 ஆண்டுக்குப் பின் நீட்டிப்பது நிதி இருப்பதைப் பொறுத்தது. அதனால் நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்: சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது, அது எந்த மாதம் முடிகிறது?

கேள்வி: 14 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றுக்கும் பதிலில்லை. சி.ஜி.பி.ஏ. 8.2. எங்கே தவறு?
- வாசகர், கோவை

பதில்: அந்த 8.2 ஒரு காரணமாக இருக்கலாம். ஜெர்மனியில் 1 சிறந்தது, 4 தேர்ச்சிக் கோடு. வெறுமனே 8.2 என்றால் அவர்களுக்கு விளங்காது. பவேரியச் சூத்திரப்படி மாற்றி அருகில் எழுதுங்கள்: உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். உச்சம் 10, தேர்ச்சி 5 என்றால் 1.8 ÷ 5 × 3 + 1 = 2.08. பலர் தேர்ச்சியை 4 என்று போட்டு 1.9 காட்டிவிடுகிறார்கள். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைப் பார்த்து, சரியான தேர்ச்சிப் புள்ளியை எடுங்கள்.

மற்றவை: எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, விளம்பர எண்ணைத் தலைப்பில் போட்டு அனுப்பவும். கடிதம் ஒரு பக்கம் போதும்; அந்தக் குழுவின் எந்தக் கருவியில் உங்கள் கை பழகியிருக்கிறது என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். 'மதிப்பிற்குரிய பேராசிரியர்' என்று பெயரில்லாமல் 14 பேருக்கும் ஒரே கடிதம் போனால் திறந்த வேகத்திலேயே மூடிவிடுவார்கள்.

கேள்வி: இந்த வேலைக்கு ப்ளூ கார்டு கிடைக்குமா?
- வாசகர், மதுரை

பதில்: ப்ளூ கார்டு என்பது பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை, வசிப்பு அனுமதி. 65 சதவீதச் சம்பளம் அதன் குறைந்தபட்சச் சம்பள வரம்பைத் தொடாது. ஆராய்ச்சியாளர் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். சேர்ந்ததும் இன்னொன்று: விபிஎல் என்ற கூடுதல் ஓய்வூதியத்தில் 60 மாதம் கட்டினால்தான் பலன். 3 ஆண்டு ஒப்பந்தக்காரர், இதற்குமுன் அதில் இல்லாதவர் என்றால், சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பணியாளர் பிரிவில் கேட்டால் படிவம் தருவார்கள். நாள் தவறினால் பிடித்தம் தொடரும்.