மசால் விதைக்க முதல் தரிசுக் காணியை என்ன செய்யலாம்?

உரும்பிராய்க் காணி தரிசாக் கிடக்கு, கோரையும் பார்த்தீனியமும் மண்டிப்போச்சு, ஆட்டுத் தீவனத்துக்கு ஐப்பசியில குதிரை மசால் (லூசேர்ன்) விதைக்கலாமோ எண்டு கேட்டிருந்தியள்.

மண்ணில பிழையில்லை. மசாலுக்குப் புளிப்பு மண்தான் ஆகாது. உங்கடை சுண்ணக்கல்லுக்கு மேல கிடக்கிற செம்மண், புளிப்பில்லை. ஐப்பசிதான் சரிவராது. மாரியில தண்ணி நிண்டால் இளங்கண்டு அழுகிப்போம். தைக்குத் தள்ளுங்கோ.

இப்ப மண் காஞ்சு கிடக்கேக்க ஒருக்கா ஆழ உழுது, கட்டியாவே விடுங்கோ. கோரைக் கிழங்கு மேல வந்து வெயிலில வத்தும். ஈரத்தில மட்டும் ரொட்டவேற்றர் (சுழல் கலப்பை) விடாதேங்கோ, கிழங்கைப் பிரிச்சுப் பரப்பிவிடும். காசு குடுத்துக் கோரை நட்ட மாதிரித்தான். காஞ்ச கட்டியைப் பொடியாக்கினால் சோளகக் காத்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போயிடும். பார்த்தீனியத்தைப் பூக்க முதல், கையுறை போட்டுப் புடுங்குங்கோ.

புரட்டாதியில முதல் மழையோட சணலை (பசுந்தாள் பசளைக்குப் போடுற சணப்பை) நெருக்கமா விதையுங்கோ. மிச்சக் களையை அது அமத்தும். பூக்கத் தொடங்கேக்க உழுது தாட்டால் தைக்குள்ள உக்கிடும். பிறகு முளைக்கிற களையை மேலாலை கொத்திப்போட்டு மசாலை விதைக்கலாம். சின்ன விதை, ஒரு சென்ரிமீற்றருக்குக் கீழ போகக்கூடாது.

ஆட்டுக்குப் பச்சை மசாலைத் தனியக் குடுக்காதேங்கோ, வயிறு ஊதும். வைக்கலோட கலவுங்கோ.